குறித்த நாளும் வாராத படமும்: ஒற்றர் திரைப்படங்களின் வெளியீட்டுத் தாமதமும் இரசிகர் காத்திருப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பெரும்பொருட்செலவில் உருவாகும் திரைப்படம் அறிவித்த நாளில் வெளிவராதபோது, அத்தாமதம் இரசிகரின் எதிர்பார்ப்பைக் கூட்டும் என்பது பரவலான கருத்து. இக்கருத்து எல்லாச் சூழல்களுக்கும் பொருந்துவதில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 'விஸ்வரூபம்' (2013), 'விஸ்வரூபம்' இரண்டாம் பாகம் (2018), 'துருவ நட்சத்திரம்' ஆகிய மூன்று தமிழ் ஒற்றர் படங்களும், ஒப்பீட்டிற்காக 'நோ டைம் டு டை' (2021) என்னும் ஜேம்ஸ் பாண்ட் படமும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. அகப்பொருள் மரபின் முல்லைத்திணை காத்திருப்பைக் குறித்து வகுத்துள்ள கூறுகள் ஆய்வுச் சட்டகமாகப் பயன்படுகின்றன. தாமதத்தின் நீளத்தைவிட, அதற்குச் சொல்லப்படும் காரணமும், தவறிய நாளுக்கும் அடுத்துக் குறிக்கப்படும் நாளுக்கும் உள்ள இடைவெளியுமே எதிர்பார்ப்பின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: முல்லை, இருத்தல், இரங்கல், ஒற்றர் திரைப்படம், வெளியீட்டு நாள், இரசிகர், வற்புறுத்தல்.

1. முன்னுரை

திரைப்பட ஆய்வு தமிழியலுக்குள் இடம்பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. கதை, உரையாடல், பாடல், நடிகர் வழிபாடு, அரசியல் ஆகியவை குறித்துப் பல ஆய்வுகள் வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை திரையில் ஓடிய படத்தையே பொருளாகக் கொள்கின்றன. படம் திரைக்கு வரும் முன்னர் இரசிகர் அதனோடு கொள்ளும் உறவு போதிய கவனம் பெறவில்லை. முதற்பார்வைச் சுவரொட்டி வெளியாகும் நாளிலிருந்து முதல் நாள் முதல் காட்சி வரை நீளும் காலம் வெற்றுக்காலம் அன்று. அறிவிப்பு, ஐயம், மறுப்பு, விளக்கம், வாக்குவாதம் எனச் சொற்களால் நிறைந்த காலம் அது. சொற்களால் நிறைந்திருப்பதனாலேயே அது தமிழியல் ஆய்வுக்கும் உரியதாகிறது.

ஒற்றர் படங்கள் இவ்வாய்விற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அவ்வகைப் படங்கள் பல நாடுகளில் படமாக்கப்படுவதால் பெரும் முதலீட்டை வேண்டுவன. ஆகவே தடைகளுக்கும் எளிதில் ஆட்படுவன. இரண்டாவது, அவற்றின் கதை நிகழ்கால அரசியலையும் கருவிகளையும் சார்ந்திருப்பதால் தாமதம் அவற்றின் பொருளையே மாற்றிவிடக் கூடியது. திருக்குறள் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் வகுத்திருப்பதை நோக்கி, 'உளவாளிப் படம்' என்னும் வழக்கினும் 'ஒற்றர் படம்' என்னும் தொடரே இங்கு ஆளப்படுகிறது. தமிழ்த் திரையில் இவ்வகை புதியதன்று. ஜெய்சங்கர் நடித்த 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) முதலிய படங்களும், அவருக்கு வழங்கிய 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்னும் அடைமொழியும், கமல்ஹாசனின் 'விக்ரம்' (1986) படமும் இதற்குச் சான்றாகும்.

2. ஆய்வுச் சட்டகம்: முல்லையின் காத்திருப்பு

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். இரண்டுமே தலைவன் இல்லாத நிலையில் தலைவி கொள்ளும் ஒழுக்கங்கள். ஆயினும் இருத்தலில் ஒரு குறித்த பருவம் உண்டு. 'கார்காலத்தில் மீள்வேன்' என்று தலைவன் சொல்லிச் சென்றிருக்கிறான். அச்சொல் நிற்கும்வரை தலைவியின் துயரம் ஆற்றியிருத்தலாக அமைகிறது. சொல்லின் பிடி தளரும்போது அது இரங்கலை நெருங்குகிறது. ஆகவே இருத்தலையும் இரங்கலையும் பிரித்துக் காட்டுவது பிரிவின் நீளம் அன்று. குறித்த பருவத்தின் மீதுள்ள நம்பிக்கையே ஆகும்.

பருவம் வந்தும் தலைவன் வாராதபோது என்ன நிகழ்கிறது என்பதைச் சங்கப் பாடல்கள் நுட்பமாகக் காட்டுகின்றன. குறுந்தொகை 66ஆம் பாடலில், கொன்றை பூத்திருப்பதைக் கண்டு கலங்கும் தலைவியிடம் தோழி, இது கார்காலமே அன்று என்கிறாள். காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று எண்ணிக் கொன்றை மரங்கள் அறியாமையால் பூத்துவிட்டன என்பது அவள் கூற்று. 'பருவம் அன்று என்று வற்புறுத்தல்' என இத்துறையைக் குறிப்பர். குறுந்தொகை 21ஆம் பாடலில் அவ்வாதத்தைத் தலைவியே மேற்கொள்கிறாள். காடே கார் வந்தது என்று காட்டினாலும் அவள் நம்ப மறுக்கிறாள். தலைவர் பொய் கூறாதவர் என்பதே அவள் காட்டும் சான்று. இரு பாடல்களிலும் வாக்கைக் காப்பதற்காகக் காலமே மறுக்கப்படுகிறது.

மூன்றாவதாக ஒரு கூற்றும் இங்குக் கருதத்தக்கது. திருக்குறளின் 'அவர்வயின் விதும்பல்' அதிகாரத்து முதற்குறள் (1261), பிரிந்து சென்ற நாள்களைச் சுவரில் குறித்துத் தொட்டு எண்ணியதால் விரல் தேய்ந்த தலைவியைக் காட்டுகிறது. காத்திருப்பவர் நாளை எண்ணுபவர். எண்ணுவதற்குக் குறி வேண்டும்.

இம்மூன்றிலிருந்தும் மூன்று கூறுகளைச் சட்டகமாகப் பெறலாம்: (அ) குறித்த பருவம், அதாவது அறிவிக்கப்பட்ட நாள், (ஆ) வற்புறுத்தல், அதாவது நாள் தவறியபோது வாக்கைக் காக்கும் விளக்கம், (இ) எண்ணல், அதாவது அடுத்த நாளை நோக்கிய கணக்கு. சங்கத் தலைவியும் இன்றைய இரசிகரும் ஒருவரே என்பது இதன் பொருள் அன்று. முன்னது அன்பின் வழிப்பட்ட உறவு; பின்னது வணிகத்தின் வழிப்பட்டது. வாக்கு, தாமதம், நம்பிக்கை ஆகிய மூன்றுக்கும் இடையிலான தொடர்பைப் பகுத்தறிய முல்லை மரபு ஒரு கருவியாகிறது என்ற அளவிலேயே அது இங்குக் கையாளப்படுகிறது.

3. வெளியீட்டு நாள் என்னும் வாக்கு

திரைப்பட விளம்பரத்தில் நெடுங்காலமாக வழங்கும் சொல் 'விரைவில்' என்பது. அது நாளைக் குறிக்காத வாக்கு. தவறவும் முடியாத வாக்கு. 'பொங்கல் வெளியீடு', 'தீபாவளி வெளியீடு' என்பன அடுத்த படிநிலை. அவை பருவத்தைக் குறிப்பன. இவ்வகையில் முல்லைத் தலைவனின் கார்காலத்திற்கு நெருக்கமானவை. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் அச்சிட்டு வெளியிடும் சுவரொட்டியே கடப்பாடு மிக்க வாக்காகும்.

இவ்வாக்கைச் சொல்பவர் ஒருவராகத் தோன்றினாலும், காப்பவர் பலர். தயாரிப்பாளர், கடன் தந்தவர், விநியோகஸ்தர், திரையரங்கு உரிமையாளர், தணிக்கை வாரியம், நீதிமன்றம், அரசு ஆகிய அனைவரும் இசைந்தாலன்றிப் படம் திரைக்கு வருவதில்லை. படச்சுருள் காலத்தில் 'பெட்டி வந்துவிட்டதா' என்பதே திரையரங்க வாயிலில் கேட்கப்படும் இறுதிக் கேள்வி. இன்று அவ்விடத்தைக் 'கே.டி.எம்.' எனப்படும் மின்வழித் திறவுகோல் பெற்றுள்ளது. படம் திரையரங்கின் கணினியில் முன்னரே இறங்கியிருந்தாலும் அத்திறவுகோல் வாராதவரை அது ஓடாது. பெட்டி வாராமை கண்ணுக்குத் தெரியும் இன்மை. திறவுகோல் வாராமை, படம் அருகிலேயே இருந்தும் காணவியலாத இன்மை. நிதித் தடைகள் பெரும்பாலும் இவ்விறுதிக் கட்டத்திலேயே வெளிப்படுவதால், வெளியீட்டு நாளின் காலை வரையிலும் ஐயம் நீடிக்கும் நிலை தமிழ்த் திரையுலகில் அரியதன்று.

இரசிகர் வழக்கில் அண்மைக்காலத்தில் வேரூன்றிய 'அப்டேட்' என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. 'வலிமை' படத்தின் செய்தி கேட்டு, 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடைபெற்ற இந்திய–இங்கிலாந்துத் தேர்வுப் போட்டியின்போது இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடமே இரசிகர்கள் குரலெழுப்பினர். அஜித்குமார் அதன்பின் அமைதி காக்குமாறு அறிக்கை வெளியிட்டார். 'வலிமை' ஒற்றர் படம் அன்று. எனினும் இந்நிகழ்வு ஒன்றை உணர்த்துகிறது. அங்குக் கேட்கப்பட்டது படம் அன்று. படத்தைப் பற்றிய ஒரு சொல். எண்ணுவதற்குக் குறி இல்லாதபோது இரசிகர் முதலில் குறியையே கேட்கின்றனர்.

4. புறத்தடையும் ஒன்றிணைந்த காத்திருப்பும்: 'விஸ்வரூபம்'

கமல்ஹாசன் எழுதி, இயக்கி, நடித்த 'விஸ்வரூபம்' 2013 ஜனவரி 11 அன்று வெளியாகும் என அறிவிக்கப்பட்டது. திரையரங்க வெளியீட்டுக்கு முன்னதாக வீட்டுத் தொலைக்காட்சிகளில் டி.டி.எச். வழி ஒளிபரப்பும் திட்டத்தை அவர் முன்வைத்தார். திரையரங்கு உரிமையாளர்கள் அதனை எதிர்த்தமையால் வெளியீடு ஜனவரி 25க்குத் தள்ளிப்போனது. இதனிடையே முஸ்லிம் அமைப்புகள் சில படத்திற்கு எதிர்ப்புத் தெரிவித்தன. தணிக்கைச் சான்று பெற்றிருந்தும், சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டித் தமிழக அரசு படத்தைத் திரையிட இரு வாரத் தடை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை விலக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அவ்வாணையை நிறுத்திவைத்தது. பின்னர்ப் பேச்சுவார்த்தை நடைபெற்று, சில இடங்களை நீக்கவும் ஒலியடக்கவும் கமல்ஹாசன் இசைந்ததை அடுத்து, பிப்ரவரி 7 அன்று தமிழகத்தில் படம் வெளியாயிற்று.

முதலில் குறித்த நாளிலிருந்து கணக்கிட்டால் தாமதம் 27 நாள்கள். அதற்குள் வாக்கு இருமுறை தவறியது. ஆயினும் எதிர்பார்ப்பு தளரவில்லை. வேறு வடிவம் கொண்டது. தம் உடைமைகளை அடகு வைத்துப் படம் எடுத்ததாகவும், தடை நீடித்தால் தாம் வாழ்வதற்குச் சமயச்சார்பற்ற வேறிடம் தேட நேரும் என்றும் கமல்ஹாசன் செய்தியாளரிடம் உருக்கமாகப் பேசினார். அதன்பின் இரசிகர்கள் அவருக்குக் காசோலைகள் அனுப்பினர். அவர் அவற்றைத் திருப்பி அனுப்பினார். பிற மாநிலங்களில் படம் ஓடியமையால் தமிழகத்திலிருந்து எல்லை கடந்து சென்று பார்த்தோரும் உண்டு.

சட்டகத்தின்வழி நோக்கினால், இங்கு வற்புறுத்தல் மிக எளிதாக அமைந்தது. வாக்கைச் சொன்னவர் தவறவில்லை. காலமே தவறியது என்று இரசிகர் தமக்குள்ளும் பிறரிடமும் கூற இடம் இருந்தது. குறுந்தொகைத் தோழி கொன்றையைக் குறைகூறியது போல், இரசிகர் புறத்தே உள்ளோரைக் குறைகூறினர். அவ்வகையில் ஒவ்வோர் இரசிகரும் மற்றோர் இரசிகருக்குத் தோழியாயினர். மேலும், தடைக்கு ஒரு கால எல்லை அறிவிக்கப்பட்டிருந்தது. நீதிமன்ற விசாரணைக்கு நாள்கள் இருந்தன. எண்ணுவதற்குக் குறிகள் தொடர்ந்து கிடைத்தன.

ஆனால் இவ்வொருமைப்பாட்டிற்கு ஒரு விலையும் இருந்தது. படத்தில் தம் சமயத்தவர் காட்டப்பட்ட முறை குறித்து எதிர்ப்பாளர் எழுப்பிய கேள்வி, தாமதத்தின் வெப்பத்தில் வெறும் தடையாக மட்டுமே பார்க்கப்பட்டது. தடை தவறு என்பதும், சித்திரிப்பு பற்றிய வினா ஆராயத்தக்கது என்பதும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும். காத்திருக்கும் இரசிகருக்கு அவ்விரண்டையும் ஒருசேர எண்ணும் பொறுமை இருப்பதில்லை. வற்புறுத்தல் வாக்கைக் காக்கும்போதே மாற்றுக்குரலை மறைக்கவும் செய்கிறது என்பதை ஆய்வாளர் கருத வேண்டும்.

5. நாள் குறிக்கப்படாத தாமதம்: 'விஸ்வரூபம்' இரண்டாம் பாகம்

முதற்பாகம், எதிர்நாயகன் ஓமர் தப்பிச் செல்வதோடு முடிகிறது. கதையின் முடிவே அடுத்த பாகத்திற்கான வாக்காக அமைந்தது. இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதி முதற்பாகத்தோடு சேர்த்தே படமாக்கப்பட்டிருந்தமையால் அது ஓராண்டுக்குள் வெளிவரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அது வெளியான நாள் 2018 ஆகஸ்டு 10. தயாரிப்பு நிறுவனம் சார்ந்த பொருட்சிக்கல்கள் காரணமாகக் கூறப்பட்டன. பின்னர்க் கமல்ஹாசனே படத்தைத் தம் பொறுப்பில் எடுத்து நிறைவு செய்தார். இடைப்பட்ட 2015ஆம் ஆண்டில் மட்டும் 'உத்தம வில்லன்', 'பாபநாசம்', 'தூங்காவனம்' ஆகிய அவருடைய மூன்று படங்கள் தமிழில் வெளிவந்தன.

இத்தாமதத்தில் போராட்டம் இல்லை, காசோலை இல்லை, எல்லை கடந்த பயணமும் இல்லை. தடை விதித்தவர் என்று சுட்ட ஒருவரும் இல்லாமையால் வற்புறுத்தலுக்கு இடமில்லாமற் போயிற்று. நெடுங்காலம் உறுதியான நாள் எதுவும் நிலைக்காமையால் எண்ணலும் இல்லை. நாயகர் கண்முன் வேறு படங்களில் தோன்றிக்கொண்டே இருந்தமையால் பிரிவு என்னும் உணர்வும் இல்லை. தலைவன் ஊரிலேயே இருக்கிறான். வாக்கு மட்டும் நிறைவேறவில்லை. இந்நிலை இருத்தலும் அன்று, இரங்கலும் அன்று. மறதியை நோக்கிய நகர்வு எனலாம்.

வெளியான காலத்தில் சூழலும் மாறியிருந்தது. 2018 பிப்ரவரி 21 அன்று கமல்ஹாசன் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கியிருந்தார். 2013இல் அரசின் தடைக்கு ஆளான கலைஞராக அறியப்பட்டவர், இப்போது வாக்கு வேண்டும் அரசியல் தலைவராகத் திரையில் தோன்றினார். முதற்பாகம் பெற்ற வரவேற்பை இரண்டாம் பாகம் பெறவில்லை. படத்தின் தரம் பற்றிய மதிப்பீடு வேறுபடலாம். எனினும் முதற்பாகத்தின் வலிமையான தருணம், கதக் பயிற்றும் விஸ்வநாதன் திடீரெனப் போராளியாக வெளிப்படும் காட்சி. அவ்வியப்பின் நினைவு புதிதாக இருக்கும் ஓராண்டுக்குள் தொடர்ச்சி வருவதும், அது பழகிப்போன பின்னர் வருவதும் ஒன்றல்ல.

6. மீண்டும் மீண்டும் குறிக்கப்பட்ட நாள்: 'துருவ நட்சத்திரம்'

கௌதம் வாசுதேவ் மேனன் இயக்கத்தில் சூர்யா நடிப்பதாக 2013இல் பேசப்பட்டுக் கைவிடப்பட்ட இப்படம், விக்ரம் நடிப்பில் 2017இல் புத்துயிர் பெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே முன்னோட்டத் துணுக்கு வெளியானது. ஹாரிஸ் ஜெயராஜின் இசையில் பாடல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. படப்பிடிப்பு இடையிடையே நின்று தொடர்ந்தது. இறுதியில் 'அத்தியாயம் ஒன்று: யுத்த காண்டம்' என்னும் துணைத்தலைப்போடு 2023 நவம்பர் 24 வெளியீட்டு நாளாக அறிவிக்கப்பட்டது.

இம்முறை எதிர்பார்ப்பு உண்மையாகவே மீண்டெழுந்தது. இப்படத்தின் எதிர்நாயகர் விநாயகன், அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான 'ஜெயிலர்' படத்தால் தமிழ் இரசிகரிடையே பெரும் அறிமுகம் பெற்றிருந்தார். தாமதம் படத்திற்குப் புதியதொரு வலிமையைத் தற்செயலாகச் சேர்த்தது. ஆனால் குறித்த நாளிலும் படம் வரவில்லை. நிதி தொடர்பான வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்தது. அன்று இயக்குநர் வெளியிட்ட குறிப்பில், படத்தைத் திரைக்குக் கொண்டுவர இயலவில்லை என்றும், மேலும் ஓரிரு நாள் தேவைப்படலாம் என்றும் வருத்தத்துடன் தெரிவித்தார். 2024ஆம் ஆண்டு முழுவதும் அப்படம் இன்றியே கழிந்தது.

'ஓரிரு நாள்' என்னும் அச்சொல்லே இப்பகுதியின் மையம். அது நேர்மையான நம்பிக்கையிலிருந்து பிறந்த சொல்லாகவே இருக்கலாம். ஆனால் வாக்கு என்ற வகையில் அது 'விரைவில்' என்பதைவிடக் கடுமையான விளைவை உண்டாக்குவது. 'விரைவில்' என்பதற்கு எல்லை இல்லை. 'ஓரிரு நாள்' என்பதற்கு எல்லை உண்டு. மூன்றாம் நாள் விடிந்தவுடன் அது தவறிய வாக்காகிவிடுகிறது. அதற்குப்பின் அறிவிக்கப்படும் எந்த நாளையும் இரசிகர் ஐயத்துடனேயே ஏற்பர். கொன்றை பூத்தால் கார் என்று நம்ப மறுத்த குறுந்தொகைத் தலைவியின் நிலை இங்குத் தலைகீழாகிறது. அவள் வாக்கை நம்பியதால் காலத்தின் அறிகுறியை நம்பவில்லை; இவர் வாக்கை நம்பவியலாமையால் வெளியீட்டுச் சுவரொட்டி என்னும் அறிகுறியையும் நம்புவதில்லை. சொற்பொருள் நோக்கில், அறிவிப்பு தன் செயலாற்றலை இழக்கிறது.

7. ஒப்பீடு: 'நோ டைம் டு டை'

டேனியல் கிரெய்க் ஜேம்ஸ் பாண்டாக நடித்த இறுதிப் படமான 'நோ டைம் டு டை', தாமதத்தின் எண்ணிக்கையில் மேற்கண்ட படங்களுக்குக் குறைந்ததன்று. முதலில் 2019ஆம் ஆண்டின் இறுதிப்பகுதியில் வெளியாவதாக இருந்தது. 2018 ஆகஸ்டில் இயக்குநர் டேனி பாயில் விலகினார். அடுத்த மாதமே கேரி ஜோஜி ஃபுகுநாகா நியமிக்கப்பட்டு, 2020 பிப்ரவரி என்னும் புதிய காலமும் அறிவிக்கப்பட்டது. அது பின்னர் ஏப்ரலுக்கு மாறியது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 நவம்பருக்கும், அதிலிருந்து 2021 ஏப்ரலுக்கும், அதிலிருந்து அக்டோபருக்கும் தள்ளிப்போயிற்று. பிரிட்டனில் 2021 செப்டம்பர் 30 அன்று படம் வெளியானது.

இங்குக் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, பெருந்தொற்றுக் காலத்தின் ஒவ்வொரு ஒத்திவைப்பு அறிவிப்பும் அடுத்த வெளியீட்டுக் காலத்தைத் தன்னுள் கொண்டிருந்தது. ஒரு வாக்கு நீங்கும்போதே மற்றொரு வாக்கு இடப்பட்டது, எண்ணல் அறுபடவில்லை. இரண்டாவது, 2020 மார்ச் தொடக்கத்தில், தயாரிப்பாளர்கள் முடிவெடுக்கும் முன்னரே, பாண்ட் இரசிகர் தளங்கள் இரண்டன் நிறுவனர்கள் மக்கள் உடல்நலம் கருதி வெளியீட்டைத் தள்ளிவைக்குமாறு திறந்த மடல் எழுதினர். சில நாள்களில் ஒத்திவைப்பு அறிவிக்கப்பட்டது. தோழியின் வேலை தலைவியை ஆற்றுவிப்பது. இங்கு இரசிகரே காத்திருப்பை வேண்டிப் பெற்றனர். காரணத்தில் உடன்பாடு இருக்குமானால் காத்திருப்பு இழப்பாக உணரப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. மூன்றாவது, பில்லி ஐலிஷ் பாடிய தலைப்புப்பாடல் 2020 பிப்ரவரியிலேயே வெளியாகி, படம் வருவதற்கு முன்பே 2021இல் கிராமி விருதையும் பெற்றுவிட்டது. தமிழ்ப் படங்களில் பாடல் படத்தை முந்தி வாழ்வது இயல்பு. பாண்ட் படத்திற்குத் தாமதமே அவ்வாழ்வை அளித்தது.

இரசிகர் பொறுத்திருந்தாலும் எல்லோராலும் பொறுத்திருக்க இயலவில்லை. 2020 அக்டோபரில் படம் மீண்டும் தள்ளிப்போனவுடன், சினிவேர்ல்டு நிறுவனம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள தன் திரையரங்குகளைத் தற்காலிகமாக மூடியது. ஏறத்தாழ 45,000 பேரின் வேலை பாதிப்புக்குள்ளானது. வெளியீட்டு நாளை நம்பி வாழ்வோர் இரசிகர் மட்டும் அல்லர். இரசிகருக்கு அது ஆவல். திரையரங்கப் பணியாளருக்கு அது ஊதியம்.

8. ஒற்றர் படமும் காலமும்

ஒற்றர் படம் இரகசியத்தையும் உடனிகழ்காலத்தையும் அடித்தளமாகக் கொண்டது. பகைவர் யார், கருவி எது, அச்சம் எதைப் பற்றியது என்பன காலந்தோறும் மாறுவன. ஆகவே தாமதம் இவ்வகைப் படத்தை முதுமையடையச் செய்யும். சிலபோது எதிர்பாராத புதுப்பொருளையும் தரும். 'நோ டைம் டு டை' படத்தின் பேராயுதம் தொடுகையால் பரவி, குறிப்பிட்ட மரபணு உடையோரைக் கொல்லும் நுண்பொருள். பெருந்தொற்றுக்கு முன்னரே எடுக்கப்பட்ட இக்கதை, தொடுகையே அஞ்சப்பட்ட காலத்திற்குப் பின் திரைக்கு வந்தபோது, பார்வையாளரின் பட்டறிவோடு இணைந்து வேறு ஆழம் பெற்றது. மாறாக, ஆப்கானிஸ்தான் போர்ச்சூழலையும் அல்-காய்தாவையும் மையமாகக் கொண்ட 'விஸ்வரூபம்' கதையின் அச்சங்கள், 2018ஆம் ஆண்டில் முன்போல் உடனடியானவையாக இல்லை.

இதற்கு மறுதலையாக ஒரு சான்றைக் காட்டலாம். 2013 பொங்கலுக்கு வரவேண்டியிருந்த, சுந்தர் சி. இயக்கிய 'மதகஜராஜா', 12 ஆண்டுகள் கழித்து 2025 பொங்கலையொட்டி வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. நீண்ட தாமதம் படத்தை அழிக்கும் என்னும் பொதுவிதி இதனால் தகர்கிறது. ஆனால் அது நகைச்சுவைப் படம். அதன் பழைமையே பழங்கால நினைவின் இன்பமாக மாறியது. மேலும் அப்படத்தின் மீதிருந்த எதிர்பார்ப்பு முன்னரே முற்றிலும் அடங்கிவிட்டிருந்தது. 2025இல் கிடைத்தது எதிர்பார்ப்பின் நிறைவேற்றம் அன்று, எதிர்பாராமையின் மகிழ்ச்சி. எனவே படத்தின் வெற்றியும் எதிர்பார்ப்பின் நிலைபேறும் வெவ்வேறானவை என்பதை இச்சான்று உறுதிப்படுத்துகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு:

1. தாமதத்தின் நீளம் மட்டும் எதிர்பார்ப்பைத் தீர்மானிப்பதில்லை. பலமுறை ஒத்திவைக்கப்பட்ட பாண்ட் படத்தின் எதிர்பார்ப்பு நிலைத்தது. 'விஸ்வரூபம்' இரண்டாம் பாகத்தின் எதிர்பார்ப்பு கரைந்தது.

2. புறக்காரணத்தால் நேரும் தாமதத்தில், வாக்குச் சொன்னவரைக் காக்கும் வற்புறுத்தல் இரசிகரிடையே தானே உருவாகிறது. அகக்காரணத்தால் நேரும் தாமதத்தில் அது உருவாவதில்லை. அங்கு வெளிப்படையான காரணமும் நிலைத்த புதிய நாளும் மட்டுமே நம்பிக்கையைக் காக்கும்.

3. தவறிய நாளுக்கும் அடுத்து நிலைக்கும் நாளுக்கும் உள்ள இடைவெளி சிறிதாயின் காத்திருப்பு இருத்தலாக அமைகிறது. பெரிதாயின் இரங்கலாகவும் பின்னர் மறதியாகவும் திரிகிறது. காக்கவியலாத குறுகிய வாக்கு, நாள் குறிக்காத வாக்கினும் நம்பிக்கையை விரைந்து அழிக்கிறது.

4. ஒற்றர் படத்தில் தாமதம் கதையின் பொருளையே மாற்றுகிறது. ஆகவே இவ்வகைப் படங்களை ஆராய்வோர் படமாக்கப்பட்ட காலத்தையும் வெளியான காலத்தையும் தனித்தனியே கருத வேண்டும்.

முல்லை மரபுக்கும் திரைப்படச் சூழலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இறுதியாகச் சுட்டுதல் தகும். முல்லையில் தலைவன் வருவான் என்பது மரபின் உறுதி. வினைமுடித்து மீளும் தேரின் ஒலியையும் அம்மரபு பாடியிருக்கிறது. திரைப்படத்திற்கு அத்தகைய உறுதி இல்லை. முடிக்கப்பட்டும் வெளிவராத படங்கள் உள்ளன. அவற்றில் உழைத்தோரின் கலை காண்போரை அடையாமலேயே போகக்கூடும். அப்படங்களின் சுவரொட்டிகள், முன்னோட்டங்கள், ஒத்திவைப்பு அறிவிப்புகள், இரசிகர் எழுத்துகள் ஆகியவை இன்று சிதறிக் கிடக்கின்றன. மின்வெளியில் உள்ளவை எளிதில் அழிவன. வெளிவந்த படங்களின் வரலாற்றோடு காத்திருப்பின் வரலாறும் எழுதப்பட வேண்டுமாயின், இவற்றைத் தொகுத்துப் பேணும் பணியைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ள வேண்டும். அப்பணி மேலாய்விற்கு உரிய களமாகும்.